உதட்டுக் கிழிசல்: தையலுக்கு விடியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: இரவு பைக்கில் இருந்து விழுந்த தம்பிக்கு மேலுதடு கிழிந்துவிட்டது. கன்னத்தில் மண் ஏறிய சிராய்ப்பு. பிளாஸ்டிக் சர்ஜன் காலையில்தான் வருவாராம். டியூட்டி டாக்டரையே தைக்கச் சொல்லிவிடலாமா?

பதில்: தலையில் அடி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம் எதுவும் இல்லையென்றால் காத்திருக்கலாம். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். கழுவி, சலைனில் நனைத்த துணியால் மூடிய காயத்தை 24 மணி நேரத்துக்குள் தைத்தாலும் பெரும்பாலும் நன்றாகவே ஆறும். ஆனால் கழுவுவதையும் டெட்டனஸ் ஊசியையும் காலைக்குத் தள்ளாதீர்கள்.

கன்னத்து மண்ணை மரத்துப்போகும் மருந்து கொடுத்து, பிரஷ்ஷால் தேய்த்தே எடுக்க வேண்டும். தங்கிவிட்டால் மேலே தோல் மூடி, பச்சை குத்தியதுபோல் கருநீலப் புள்ளிகள் நின்றுவிடும். அப்புறம் லேசர்தான்.

உதட்டில் எல்லாமே முதல் தையலில் இருக்கிறது. சிவப்பும் தோலும் சேரும் கோடு 1 மி.மீ. பிசகினாலும் எதிரே நின்று பேசுபவர் கண்ணில் படும். அந்த இடத்திலேயே மரப்பு ஊசி போட்டால் உதடு வீங்கி, வெளுத்து, கோடே மறைந்துவிடும். அதனால் ஊசிக்கு முன்பே கோட்டின் இரு முனைகளிலும் மையால் புள்ளி வைத்துக்கொள்வார்கள். கண்ணுக்குக் கீழே வரும் நரம்பை மரக்கச் செய்வது இன்னும் நல்லது. உள்சவ்வுக்கும் தசைக்கும் கரையும் நூல், தோலுக்கு 6-0 எனப்படும் மிக மெல்லிய நைலான் நூல். தசையை விட்டுவிட்டுத் தோலை மட்டும் தைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், உதட்டைக் குவிக்கும்போது பள்ளம் விழும். இந்த மூன்று அடுக்கையும் பழக்கமாகத் தைப்பவர் என்றால் டியூட்டி டாக்டரே போதும்.

மரப்பு ஊசிக்கு முன் இன்னொன்று: புருவத்தைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, பல்லைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் அசையாவிட்டால் முக நரம்பு அறுந்திருக்கலாம். அறுந்த நரம்பின் தசைப் பக்க முனையை மின்சாரத்தால் தூண்டினால் சுமார் 3 நாள் வரைதான் தசை துடிக்கும். அதற்குள் தேடினால் கண்டுபிடிப்பது எளிது. கன்னத்தில் ஆழமான வெட்டு இருந்தால் எச்சில் குழாயையும், கண்ணின் உள்மூலை கிழிந்திருந்தால் கண்ணீர்க் குழாயையும் பார்த்தாக வேண்டும்.

தோல் தையலை 5-ஆம் நாள் பிரித்துவிடுங்கள். ஒரு வாரம் தாண்டினால் ஏணிப்படித் தழும்பு விழும். இரண்டு மூன்று மாதத்தில் தழும்பு சிவந்து தடிக்கும், பயப்படாதீர்கள். சிலிக்கான் ஜெல் தடவுங்கள், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தழும்பைத் திருத்தும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சைப் பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் கழித்து எடுத்தால் போதும்.