பத்து வாரக் கோழி திடீரென்று எழவில்லை என்றால்

வணக்கம்ங்க. முந்தாநாள் வரை மேய்ந்த பத்து வாரப் பெட்டை நேற்றுக் காலை எழவில்லை, ஆனால் இரை எடுக்கிறது என்கிறீர்கள். முதலில் மடியில் வைத்துக் காலைத் தடவிப் பாருங்கள். வீக்கம், சூடு, பாதத்தடியில் கறுத்த பொருக்கு, விரலில் நூல் ஏதாவது இருக்கிறதா? எங்கள் கோழி ஒன்றுக்கு மூன்று நாள் வைட்டமின் கொடுத்த பிறகுதான், விரலில் இறுகிக் கிடந்த தையல் நூலைக் கண்டேன்!

காயம் இல்லை, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடக்கிறது என்றால் எனக்கு மாரெக் நோய் மேல்தான் சந்தேகம். இந்த வயதில் வரக்கூடியது. வைரஸ் நரம்பைத் தாக்குகிறது, மருந்து கிடையாது. தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த அன்றே போட வேண்டும், இப்போது போட்டுப் பயனில்லை. மனிதருக்குத் தொற்றாது. இறகுத் தூசியில் மற்ற கோழிகளுக்குப் பரவும், அதனால் இன்றே தனியாக வையுங்கள்.

விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தால் பி2 வைட்டமின் சத்துக் குறைவாக இருக்கலாம். சின்னக் குஞ்சுகளில்தான் அதிகம் என்றாலும், கோழிக்கான பி காம்ப்ளக்ஸ் டானிக்கை பாட்டிலில் போட்டுள்ள அளவுப்படி தண்ணீரில் கலந்து கொடுங்கள், கெடுதல் இல்லை.

கழுத்து திருகினாலோ பச்சையாகக் கழிந்தாலோ அது வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், தண்ணீர்க் கிண்ணத்தை அலகுக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். விரல்களைப் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.