என்ஜின் ஜாம் ஆயிடுச்சு, செய்யறதா மாத்தறதா?

வாசகர் கேள்வி பதில்: மோட்டார் பக்கம்

கேள்வி: அண்ணே வணக்கம். நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துல ஒரு தோட்டத்துல செம்பனை வேலை பாக்கறேன். என்கிட்ட இருக்கறது பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள், கார்புரேட்டர் மாடல், அப்பா ஓட்டுனது. கொஞ்ச நாளாவே பின்னால நீலமா புகை வந்துச்சு, ஓடுதுல்லன்னு விட்டுட்டேன். போன வாரம் குவாலா சிலாங்கூர் போற வழியில இழுக்காம போயி டக்குனு நின்னுடுச்சு, கிக் காலை மிதிச்சா இறங்கவே இல்ல. ஆறுனப்புறம் ஸ்டார்ட் ஆச்சு, ஆனா உள்ளுக்குள்ள டொக் டொக்னு சத்தம். டவுன்ல ஒரு போமன் (மெக்கானிக்) திறந்துகூட பாக்கல, "என்ஜின் போச்சு, ஓவர்ஹால் பண்ணா 700 வெள்ளி, என்கிட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் என்ஜின் கிடக்கு, 500 வெள்ளிக்கு ஏத்தித் தரேன், நாளைக்கே ஓட்டலாம்"ங்கறாரு. வீட்ல புதுசு வாங்குன்னு சொல்றாங்க. மாசத் தவணைய நினைச்சா பயமா இருக்கு. எது சரிண்ணே?

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு, இனிமே அதை ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, சத்தம் எப்படி இருக்குன்னு யாருக்கும் போட்டுக் காட்டவும் வேணாம். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தேஞ்ச இரும்புத்தூள் ஆயிலோட கலந்து இன்னும் நல்லா இருக்கற பாகத்துக்குள்ள போகும், இன்னைக்கு மேல மட்டும் செஞ்சா போதும்னு இருக்கறது நாளைக்கு கீழயும் செய்யணும்னு ஆயிடும்.

நடந்தது என்னன்னா, நீலப் புகைன்னா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் புகை வந்து அப்புறம் நின்னுட்டா பெரும்பாலும் வால்வ் சீல், திராட்டல் முறுக்க முறுக்க விடாம வந்தா பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருக்கு. இந்த என்ஜின்ல ஊத்தற ஆயிலே ஒரு லிட்டருக்கும் கம்மி, ஆயில் குறைஞ்சா எரியற லைட்டும் மீட்டர்ல கிடையாது, அதனால அது எரிஞ்சு எரிஞ்சு தீர்ந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடைசியில பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விப் பிடிச்சிருக்கு, ஆறுனதும் சுருங்கி விட்டுடுச்சு. தோட்டத்து மோட்டாருக்கு இது சீக்கிரமே வரும். செம்மண் ரோட்டுத் தூசி ஏர் ஃபில்டர் மூடி சரியா உக்காராத இடத்துல உள்ள போயி ரிங்கை உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சிடும், அதை யாரும் திறந்தே பாக்கறதில்ல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். செய்யறதா மாத்தறதான்னு திறக்காம சொல்ற எந்தப் பதிலையும் நம்பாதீங்க, நான் சொன்னாலும் சரி. திறக்கற கூலியை மட்டும் முதல்ல பேசி, "திறந்து காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க, திறக்கும்போது நீங்க பக்கத்துல நில்லுங்க. இதுக்கு ஒத்துக்காத போமன்கிட்ட என்ஜினைக் குடுக்க வேணாம்.

ஆயில் வடிக்கும்போதே பாதி விஷயம் தெரிஞ்சுடும். ஒரு வெள்ளைத் துணி மேல வடிக்கச் சொல்லி, துணியில மினுமினுன்னு நிக்கற தூளுகிட்ட ஒரு காந்தத்தைக் கொண்டு போங்க. காந்தத்துல ஒட்டாத வெள்ளைத் தூள் அலுமினியம், அது பெரும்பாலும் பிஸ்டன்ல இருந்து வந்தது. ஒட்டுனா இரும்பு, அப்ப ரிங், சிலிண்டர், கேம், பேரிங், கியர்னு எதுல இருந்து வந்துச்சுன்னு தேடணும்.

அடுத்து ஹெட்டும் சிலிண்டரும் கழட்டுனதும் பிஸ்டன் பக்கவாட்டுல நேர்கோடா கீறல் இருக்கும், ஜாம் ஆன என்ஜின்னா கண்டிப்பா இருக்கும், அதைப் பாத்து பதறாதீங்க. உங்க மாடல் சிலிண்டருக்கு உள்ள இரும்பு ஸ்லீவ் இருக்கு, ரீபோர் பண்ணலாம், அதாவது உள்ள கடைஞ்சு பெருசாக்கலாம். ஸ்டாண்டர்ட் போர் 50 மில்லிமீட்டர், அதுல இருந்து 0.25, 0.50, 0.75, 1.00னு பெரிய சைஸ் பிஸ்டன் வரும். ஏற்கனவே எத்தனை தடவை கடைஞ்சிருக்குன்னு பழைய பிஸ்டன் தலையில அடிச்சிருக்கற நம்பரைப் பாருங்க, கரியைச் சுரண்டுனா தெரியும். அப்பா காலத்துலயே 100 (அதாவது 1.00) வரைக்கும் போயிருந்தா சிலிண்டரையே மாத்தணும், அதுவும் கிடைக்கற சாமான்தான். (எல்லா மோட்டாருக்கும் இப்படி இல்ல, யமஹாவோட டயாசில் வகை சிலிண்டருக்கு இரும்பு ஸ்லீவே கிடையாது, அது கீறிடுச்சுன்னா சிலிண்டரோட மாத்தறதுதான் வழக்கம்.) கேமும் ராக்கர் ஆர்மும் விரல் வச்சுத் தடவிப் பாருங்க, மேடு பள்ளமா சொரசொரன்னு இருந்தா அதுவும் செலவுதான், ஏன்னா ஆயில் குறையும்போது முதல்ல காயறது மேல் பக்கம்.

ஆனா முடிவு பண்ற இடம் இது எதுவும் இல்ல, அது கீழ இருக்கு. சிலிண்டரைக் கழட்டுனதும் கொன்ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கற தண்டு) நட்டுக்கா நிக்கும். பிஸ்டனைக் கழட்டிட்டு, கிராங்கை மேல கொண்டு வந்து, ரெண்டு விரலால கொன்ராடைப் பிடிச்சு நேரா மேலயும் கீழயும் இழுத்து அமுக்கிப் பாருங்க. பக்கவாட்டுல லேசா அசையும், அது இருக்க வேண்டிய அசைவு. மேல கீழ மட்டும் துளிகூட அசையக் கூடாது. அசைஞ்சு கையில டிக்னு ஒரு தட்டு தெரிஞ்சா கொன்ராடோட கீழ்முனையில இருக்கற பிக் எண்ட் பேரிங் போச்சு, உங்க டொக் டொக்குக்குக் காரணம் அதுதான். அசையலன்னா சத்தம் பிஸ்டன் ஆடற சத்தமா இருக்கும், மேல் வேலையோட முடிஞ்சுடும்.

பிக் எண்ட் போயிருந்தா கிராங்க்கேஸை (கிராங்க் உக்கார்ற என்ஜின் கூடு) பிளக்கணும், செலவு ஏறும், ஆனாலும் கேஸ் நல்லா இருந்தா நான் செய்யத்தான் சொல்லுவேன். கேஸ் விரிசல் விட்டிருந்தாலோ, பேரிங் உக்கார்ற குழி தேஞ்சு பேரிங் லூசா சுத்துனாலோ, அந்த என்ஜினுக்கு மேல காசு போட வேணாம். வெல்டிங் வச்சுத் தரேன்னு சொல்லுவாங்க, வெளி ஓரத்துல சின்ன விரிசல்னா சரி, பேரிங் குழிகிட்டன்னா நிக்காது.

அந்த 500 வெள்ளி செகண்ட் ஹேண்ட் என்ஜினைப் பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என்ஜின் நம்பர் கிராங்க்கேஸ்ல அடிச்சிருக்கும், அதே நம்பர்தான் உங்க கிரான்லயும் (வண்டிப் பதிவுப் பத்திரம்) இருக்கு. வேற என்ஜின் ஏத்துனா ஜேபிஜேல (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி, புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குக் கொண்டு போயி, கிரான்ல நம்பரை மாத்தணும். அதுக்கு அந்த என்ஜின் எங்க இருந்து வந்துச்சுன்னு காட்ட கடைக்காரர் ரசீதும் பேப்பரும் தரணும். அந்தப் பேப்பரைக் கேட்டுப் பாருங்க, "அதெல்லாம் யாரு பாக்கறா"ன்னு சொன்னாருன்னா அந்த இடத்தை விட்டு வந்துடுங்க. ரோட் பிளாக்ல நம்பர் ஒத்து வரலன்னா மோட்டார் போயிடும், என்ஜின் திருட்டுச் சாமானா இருந்தா உங்களைத்தான் விசாரிப்பாங்க, விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்லயும் பிரச்சனை. இது எல்லாத்துக்கும் மேல, அந்த என்ஜினும் யாரோ ஒருத்தர் ஓட்டித் தேச்சதுதானே, உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது அவருக்கும் தெரியாது. 200 வெள்ளி மிச்சம்னு எனக்குத் தோணல.

புது மோட்டார் விஷயம். இஎக்ஸ்5 புதுசு இன்னைக்கு ரோட்டுக்கு வரும்போது அஞ்சாயிரம் வெள்ளிக்கு மேல. தவணையில எடுத்தா வட்டியோட கட்டற மொத்தத் தொகை எவ்வளவுன்னு கடையில எழுதித் தரச் சொல்லுங்க, மாசத்துக்கு இவ்வளவுதான்னு சொல்றதை மட்டும் கேக்காதீங்க. மழைக்காலத்துல வேலை குறைஞ்சு கையில வர்ற சம்பளமும் குறையுற மாசத்துலயும் அந்தத் தவணை நிக்காது. கேஸும் கொன்ராடும் நல்லா இருந்தா செய்யுங்க. கேஸ் போச்சு, அதோட சேசிஸ், ஃபோர்க், வயரிங்னு மத்ததும் துருப்பிடிச்சுக் கிடக்குன்னா அப்ப புதுசு பாருங்க, அதுல தப்பே இல்ல. அப்பா மோட்டார்ங்கறதை கணக்குல சேக்க வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு அது பெருசுன்னா கொஞ்சம் கூட செலவு பண்றதும் நியாயம்தான்.

செய்யறதுன்னு முடிவு பண்ணா சாமான் விலை தனியா கூலி தனியா எழுதி வாங்குங்க, பிஸ்டன் ரிங் ஒரிஜினலான்னு பொட்டலத்தோட பாருங்க, கழட்டுன பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுத் தரச் சொல்லுங்க. ஆயில் பம்பையும் ஆயில் போற ஓட்டையையும் கழுவிச் சுத்தம் பண்ணச் சொல்லி கண்டிப்பா சொல்லுங்க. ஜாம் ஆன என்ஜினுக்கு இதைப் பண்ணாம புது பிஸ்டன் போட்டா அதே கதை திரும்ப வரும். ரெடியானப்புறம் முதல் 500 கிலோமீட்டர் முறுக்காதீங்க, உர மூட்டை ஏத்தாதீங்க, அதுக்குள்ளயே ஒரு தடவை ஆயிலை மாத்திடுங்க.

கேள்வி: வெள்ளத்துல வீட்டுக்காரர் மோட்டார் சீட்டு வரைக்கும் முங்கிடுச்சு. என்ஜின் போச்சுன்னு வித்துடலாங்கறாரு. விக்கறதா, சார்? நல்லாதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

பதில்: விக்காதீங்கம்மா, ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது பட்டனை அமுக்குனா தண்ணி அமுங்காது, கொன்ராட்தான் வளையும். நின்ன என்ஜின்ல தண்ணி பூந்ததால மட்டும் உள்ள எதுவும் உடையாது, அப்படியே போட்டு வைக்கறதாலதான் துரு பிடிச்சு கெடுது. அதனால நாளைக் கடத்தாம ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, பழைய ஆயிலை முழுசா வடிச்சு (வெள்ளையா பால் கலந்த மாதிரி வந்தா தண்ணி உள்ள போயிருக்கு), பிளக் இல்லாமலே மெதுவா கிக்கை மிதிச்சு தண்ணிய வெளியேத்தச் சொல்லுங்க. ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், டேங்க் எல்லாம் காலி பண்ணிட்டு புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட்டி, உடனே அந்த ஆயிலையும் வடிச்சு மறுபடி ஊத்தணும், வெள்ளை நிறம் போற வரைக்கும். இன்ஜெக்ஷன் மாடல்னா பேட்டரியைக் கழட்டிட்டு கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போங்க, கம்ப்யூட்டர் பெட்டி நனைஞ்சிருந்தா செலவு அதுலதான்.

கேள்வி: கப்சாய்க்கு (இஎக்ஸ்5 மாதிரி சின்ன மோட்டார்) மினியாக் ஹீத்தாம் (என்ஜின் ஆயில்) அளவு எப்படிப் பாக்கறது? குச்சியை முறுக்கிப் பாக்கணுமா, சும்மா விட்டுப் பாக்கணுமா?

பதில்: ஹோண்டா கப்சாய்க்கு முறுக்கக் கூடாது. டபுள் ஸ்டாண்ட் போட்டு நேரா நிறுத்தி, மூணு நிமிஷமாச்சும் ஓட்டி, ஆஃப் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு, குச்சியைத் துடைச்சு மரையில முறுக்காம சும்மா உள்ள விட்டு எடுத்துப் பாருங்க. வேற கம்பெனி மோட்டார்னா அதோட புத்தகத்துல போட்டிருக்கற மாதிரி பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும், கீழ்க்கோட்டைத் தொட்டுட்டா அன்னைக்கே ஊத்திடுங்க.