கியர் விழவில்லை, லைட் அணையவில்லை: திருகோணமலை வாகனக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளி: அண்ணா, மெனுவல் ஆல்ட்டோ. காலையில் ரிவேர்ஸ் போட்டால் கறகற என்கிறது. கியர்பொக்ஸ் போச்சா?

கியர்பொக்ஸை இறக்க விடாதீர்கள். ரிவேர்ஸுக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. கிளச்சை முழுதாக மிதித்து, மூன்று விநாடி பொறுத்துப் போடுங்கள். அப்படியும் கத்தினால் என்ஜினை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். நின்றிருக்கும்போது இலகுவாக விழுந்து, ஓடும்போது அடம்பிடித்தால் கிளச் முழுதாக விடவில்லை. கேபிளை இறுக்கினாலே பலதும் சரியாகும்.

சீனக்குடா: என்ஜின் லைட் எரியுது. பற்றறியைக் கழற்றி மாட்டினால் போகுமா?

லைட் போகும், கோளாறு போகாது. பிழைக் குறியீடும் சேர்ந்து அழிந்துவிடும், அப்புறம் மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான். முதலில் ஸ்கேன். பி0301 என்றால் முதலாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெற்றோல் சரியாக எரியவில்லை. அந்த சிலிண்டரின் கொயிலை (பிளக்குக்குப் பொறி தரும் சுருள்) இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றுங்கள்; குறியீடும் பி0302 ஆனால் குற்றவாளி கொயில். லைட் விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் கெட்டலிட்டிக் கொன்வேட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) சுட்டுத் தின்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

நிலாவெளி: ஒயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரியுது. கராஜ் வரை ஓட்டலாமா?

என்ஜினை நிறுத்துங்கள். இழுத்துக்கொண்டு போங்கள்.

கிண்ணியா: சீ.வீ.ரி (கியர் படிகள் இல்லாத ஓட்டோ) வாகனம். ஹபரணை றோட்டில் மிதித்தால் என்ஜின் கத்துது, வேகம் ஏறல்ல. ஏ.ரி.எஃப் (சாதாரண ஓட்டோ கியர் ஒயில்) ஊற்றலாமா?

வேண்டாம். சீ.வீ.ரி.யில் இரண்டு கப்பிகளுக்கு இடையே இரும்புப் பெல்ட் உராய்வில்தான் பிடித்து ஓடுகிறது. அந்தப் பிடிப்பைக் கணக்கிட்டே அதன் ஒயிலைச் செய்கிறார்கள். ஏ.ரி.எஃப் வேறு வகைக் கியர்பொக்ஸின் கிளச் தட்டுகளுக்கானது. ஊற்றினால் பெல்ட் வழுக்கி, கப்பியில் கீறல் விழும். முதலில் ஒயில் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள்.

மூதூர்: என்ட மச்சான் ஏ.ரி.எஃப்லதான் ஓடுறார், ஒண்டும் ஆகல்ல.

இன்னும் ஆகவில்லை என்று சொல்லுங்கள்.

மூதூர்: போத்தல்ல ரெண்டுக்கும் பொருந்தும் எண்டு போட்டிருக்கே!

போத்தலில் எழுதியவர் உங்கள் மச்சானின் கியர்பொக்ஸுக்குக் காசு கட்டமாட்டார். நிசானிலேயே சிலதுக்கு என்எஸ்-2 ஒயில், சிலதுக்கு என்எஸ்-3. கைநூலில் உள்ள பெயரைத்தான் வாங்க வேண்டும்.

கந்தளாய்: பி0700 வந்தது. கியர்பொக்ஸ் மாற்றச் சொல்கிறார்கள்.

‘கியர்பொக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்’ என்பதுதான் பி0700. கியர்பொக்ஸ் கணினியையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் உள்ளே என்ன குறியீடு என்று கேளுங்கள். சோலனொயிட்டோ (ஒயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) வயரோ ஆக இருக்கலாம். கடலோரத்தில் நிற்கும் வாகனமென்றால் கனெக்டரில் உப்புப் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தம்பலகாமம்: ஏசி குளிரல்ல.

ஏசிக்காரரிடம் போங்கள், தம்பி.

ஓர்ஸ் ஹில்: என்ஜின் லைட்டுக்குப் பற்றறியைக் கழற்றினால்...

மேலே படியுங்கள்.

மூதூர்: சரி, மச்சான் இப்ப என்ன செய்யணும்?

ஒயிலை வடித்து, சரியான ஒயிலை ஊற்றச் சொல்லுங்கள். ஒருமுறை வடித்தால் முழுதும் வராது. கொஞ்சம் ஓடி, மறுபடி வடிக்க வேண்டும். கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றும்போது, இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தைப் பார்க்கட்டும். மாவுபோல் சாம்பல் தூள் என்றால் வழமையான தேய்மானம். மின்னும் துணுக்குகள் என்றால் வாகனத்தை உங்களுக்கு விற்க வருவார். வாங்காதீர்கள்.