லேடரேன் பீக் சிதறுவது ஏன்?

வணக்கம். கருங்கடல் வண்டலில் அனமாக்ஸ் பாக்டீரியாவின் (ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியத்தை நைட்ரஜன் வாயுவாக்குபவை) தடயம் தேடி, அவற்றின் சவ்வில் இருக்கும் லேடரேன் கொழுப்பு அமிலங்களை ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகையில்) ஓட்டினால் பீக் (வரைபட முகடு) சிதறி வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். மாதிரியைக் குறை சொல்ல வேண்டாம், கோளாறு பெரும்பாலும் சூட்டில்தான். நான்கு கார்பன் அணு கொண்ட வளையங்கள் ஏணிப்படிபோல ஒட்டிக்கிடக்கும் அமைப்பு லேடரேன். உள்ளுக்குள் எக்கச்சக்கத் திரிபு, அதாவது பிணைப்புகளில் இறுக்கம். ஜி.சி. வெப்பத்தில் வளையம் திறந்து வேறு சேர்மமாகிவிடும். மீதைல் எஸ்டராக மாற்றி எச்.பி.எல்.சி.–எம்.எஸ்./எம்.எஸ்.இல் (பிரிக்கும்போது அந்தச் சூடு தேவைப்படாத திரவ நிறப்பிரிகையும் நிறை நிறமாலை அளவியும்) ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், வண்டல் எவ்வளவு பழையது? ரொம்பப் பழையது என்றால் லேடரேனே மிஞ்சியிருக்காது. அப்போது அதே பாக்டீரியாவின் இன்னொரு கொழுப்பான பாக்டீரியோஹோப்பேன்டெட்ரால் ஐசோமரைத் தேடுங்கள். அது அதிகம் தாக்குப்பிடிக்கும். மத்தியதரைக் கடலின் பழைய சாப்ரோபெல் (கரிமப் பொருள் செறிந்த கருநிற வண்டல்) படிவுகளில்கூட அகப்பட்டிருக்கிறது.