பொள்ளாச்சி–வால்பாறை சாலை எந்த வழியாகப் போகிறது? யார் போட்டது?

மாநில நெடுஞ்சாலை 78-ல் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கி.மீ. ஆழியாறு வரை சமவெளி, தென்னந்தோப்புகள்தான். வனத்துறை சோதனைச்சாவடி தாண்டியதும் மலை ஆரம்பம். அட்டகட்டி வழியாக மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு.

சாலை வந்ததே தோட்டங்களுக்காக. ஆனைமலையில் காபி, தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயருக்கு விளைச்சலைக் கீழே இறக்க வழி தேவைப்பட்டது. போட்ட பொறியாளர் லோம். ஒன்பதாவது வளைவிலுள்ள காட்சிமுனைக்கு அவர் பெயர்தான். அங்கிருந்து ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். வரையாடுகள் கைப்பிடிச் சுவரோரமே மேயும். தின்பண்டம் மட்டும் நீட்டாதீர்கள்.

வால்பாறையோடு சாலை முடிவதில்லை. மளுக்கப்பாறையில் கேரளாவுக்குள் நுழைந்து, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போகிறது. காட்டுப் பகுதி என்பதால் அந்தப் பக்கம் இரவில் வண்டிகளை விடமாட்டார்கள்.