நோக்கம் தேடும் அம்பாசமுத்திரத்து வாசகருக்கு

கேள்வி: பட்டப்படிப்பை முடித்தும் என் வாழ்வின் நோக்கம் எதுவென்று தெரியாமல் தவிக்கிறேன். அதைக் கண்டுகொண்டதும், எங்கள் பகுதி இளைஞர்கள் தத்தம் நோக்கத்தைக் கண்டறிய வகுப்பு நடத்த விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் நோக்கம் என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. ஆனால் நீங்கள் என்ன படித்தீர்கள், உங்களுக்கு எந்த வேலை கைவரும், உங்கள் தெருவில் யாருக்கு என்ன குறை என்று ஒரு வரிகூட இல்லை. தனக்கே கிடைக்காத ஒன்றைப் பிறருக்கு வகுப்பெடுத்துத் தரும் அவசரம் எனக்கு விளங்கவில்லை.

ஆய்க்குடி உங்களுக்குத் தொலைவன்று. அவ்வூர் எஸ். ராமகிருஷ்ணன் (அதே பெயருடைய எழுத்தாளர் அல்லர்) பொறியியல் மாணவராக இருந்த 1975இல், கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் விரும்பிய வாழ்வு அன்றே முடிந்துபோயிற்று. 1981இல், தம்மைப்போல் உடற்குறையுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியபோது, அதற்குத் தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே வைத்தார். தசைநலிவு நோயுடன் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்காளர் சங்கர ராமன் பின்னர் வந்து சேர்ந்து சங்கத்தின் செயலாளரானார். இருவருமே, கண்ணெதிரே இருந்த குறையில் கைவைத்தவர்கள்.

பிறருக்கு உதவும் வழியைப் பத்தமடையில் பாருங்கள். பாய் முடையப் பழகவரும் பெண்ணிடம் அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ஊறிய கோரையையும் கத்தியையும் கொடுத்து, கீறிய இழை ஒரே சீராக வருகிறதா என்று பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறார்கள். கீறல் படியாதவளுக்குச் சாயமேற்றுவதோ தறியோ படியக்கூடும். கைபடாமல் அதை யாரால் சொல்ல முடியும்?

ஆகவே, தாலுகா அலுவலக வாசலில் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாமல் நிற்கும் ஆச்சிமாருக்கு எழுதிக் கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள். துணைக்கு வேலையற்ற ஒரு தம்பியை அழைத்துச் செல்லுங்கள். மனு எழுதுவதில் அவன் சலிப்படைந்து, ஆனால் வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து யாருக்கு எந்தச் சான்று விடுபட்டிருக்கிறது என்று விசாரிப்பதில் சுறுசுறுப்புக் காட்டினால், அந்த வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள். வகுப்புக்கு மண்டபம் பார்ப்பதை அதுவரை தள்ளிவையுங்கள்.