யாருக்கு முதலில் கொடுப்பது? – கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கோத்தகிரியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். என் தம்பி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செவிலியராகப் பணிபுரிகிறான். அங்கே போனதிலிருந்து ஷெஃபீல்டு வெட்னஸ்டே கால்பந்து கிளப்பின் தீவிர ரசிகனாகிவிட்டான். அவனால் நானும் இரவு கண்விழித்து ஆட்டம் பார்க்கிறேன். 2025-இல் அந்தக் கிளப்பில் பல மாதங்கள் சம்பளம் தாமதமானது. அக்டோபர் 24 அன்று திவால் சட்டத்தின்படி நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள். லீக் பட்டியலில் அணிக்கு 12 புள்ளிகள் குறைக்கப்பட்டன. 1867-இல் தொடங்கிய ஒரு கிளப் அழிந்துபோக முடியுமா? உரிமையாளரை வெளியேற்றுவதற்காக ரசிகர்கள் சொந்த மைதானத்தையே புறக்கணித்தது சரியா? லட்சக்கணக்கில் வாங்கும் வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் தள்ளிப்போனால் இவ்வளவு கூச்சல் எதற்கு என்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

2025 ஆகஸ்டில், ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துப் போட்டிகள் நடக்குமா என்பதே தெரியாதிருந்த நாட்களில், பெங்களூரு எஃப்சி தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்ததும், சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதிலிருந்தே, ஒரு கிளப் நொடிக்கும்போது யாருக்கு முதலில் பணம் போய்ச் சேருகிறது, யாருக்குப் போய்ச் சேருவதே இல்லை என்பதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு, தெரியாமலே கடந்துபோகிறது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

கிளப் அழியுமா என்று கேட்கிறீர்கள். அழியும். 1885-இல் தொடங்கி, 1900-இலும் 1903-இலும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பரி (Bury) என்ற கிளப்பை 2018 டிசம்பரில் ஒருவர் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். 2019 ஆகஸ்டில் அது லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. இங்கே 2010-இல் மகிந்திரா யுனைடெட் கலைக்கப்பட்டது, அடுத்த ஆண்டே, முதல் தேசியக் கால்பந்து லீக்கின் சாம்பியனான பக்வாடாவின் ஜேசிடியும் மூடப்பட்டது. நம் மலையடிவாரத்தில், கோவை நேரு மைதானத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19 பருவத்தில் ஐ-லீக் என்ற தேசியத் தொடரில் சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. 2021-22 பருவத்தில் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. வயதோ கோப்பையோ எந்தக் கிளப்பையும் காப்பாற்றியதில்லை.

புறக்கணிப்பு சரிதான். உரிமையாளர் போன அன்றே அதே ரசிகர்கள் கிளப் கடையின் முன் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கோத்தகிரியிலிருந்து நாம் எடைபோட வேண்டியதில்லை.

உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஒரு பள்ளி ஆசிரியர். பள்ளி என்றால் ஆசிரியர்கள் மட்டும்தானா? சத்துணவு சமைப்பவர், கழிப்பறை கழுவுபவர், இரவுக் காவலர் எல்லோரும் அந்தப் பள்ளியில்லையா? அதே கண்ணால் ஏன் ஒரு கிளப்பைப் பார்க்க மறுக்கிறீர்கள்? ஷெஃபீல்டில் சம்பளம் தாமதமானது வீரர்களுக்கு மட்டுமல்ல, அலுவலக ஊழியர்களுக்கும்தான். தொலைக்காட்சியில் தெரிகிற பதினோரு பேரை மட்டும் கிளப் என்று எண்ணிக்கொண்டு, அவர்களுடைய வருமானத்தைக் காட்டி மொத்தத் துயரத்தையும் ஒதுக்கித் தள்ளுவது சோம்பேறித்தனமான சிந்தனை. உங்களிடமிருந்து நான் அதை எதிர்பார்க்கவில்லை.

சொல்லப்போனால், வீரர்கள் ஓரளவு பாதுகாக்கப்பட்டவர்கள். இங்கிலாந்தில் 'கால்பந்துக் கடன்காரர் விதி' என்று ஒன்று இருக்கிறது; கடன்காரர் என்றால் இங்கே கிளப்பிடமிருந்து பணம் வரவேண்டியவர். நொடித்துப்போன கிளப் லீக்கில் தொடர்ந்து ஆட வேண்டுமானால், வீரர்களின் சம்பளப் பாக்கியையும் வீரர்களை வாங்கியதற்காக மற்றக் கிளப்புகளுக்குத் தர வேண்டிய ஒப்பந்தத் தொகையையும் முழுமையாகத் தீர்த்தாக வேண்டும். ரொட்டி கொடுத்தவர், குழாய் பழுதுபார்த்தவர், சீருடை வெளுத்தவர், முதலுதவிக்கு ஆள் அனுப்பிய அறக்கட்டளை ஆகியோர் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மவுத், 2010 பிப்ரவரியில், நாட்டின் உச்சப் பிரிவான பிரிமியர் லீக்கில் இருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் கிளப் ஆனது. அடுத்த மாதமே 85 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருந்தது. மைதானத்தில் மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போன தொண்டர்களின் அமைப்பு அது. கால்பந்துக் கடன்களை முழுமையாகத் தீர்ப்பது என்றும், பிணையில்லாத, அதாவது ஈடு எதுவும் வாங்காத, மற்றவர்களுக்குப் பவுண்டுக்கு 20 பென்ஸ் (ஐந்தில் ஒரு பங்கு) தருவது என்றும் ஒப்பந்தமானது. பிரிட்டனின் வரித்துறை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றது. 2012 பிப்ரவரியில் அதே கிளப் மறுபடியும் நொடித்தது.

இந்த விதிக்கு லீக் ஒரு நியாயம் சொல்கிறது. ஒரு கிளப் இன்னொன்றுக்குத் தர வேண்டியதைத் தராவிட்டால் அந்தக் கிளப்பும் சரியும், போட்டியே குலையும் என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ரொட்டிக் கடைக்காரரின் கடையும் அதே போலச் சரியும் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. 2012 மே மாதம் வரித்துறை இந்த விதியையே எதிர்த்துத் தொடுத்த வழக்கில் லீக் வென்றது. தீர்ப்பளித்த நீதிபதி, இந்த வெற்றியைத் தங்கள் அணுகுமுறைக்கான ஒப்புதலாக லீக் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். 2020 டிசம்பரிலிருந்து வரித்துறைக்கே சில பாக்கிகளில் முன்னுரிமை திரும்பக் கிடைத்துவிட்டது. அதன் பிறகு சிறு கடைக்காரர் வரிசையில் இன்னும் ஓர் அடி பின்னால் தள்ளப்பட்டார். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு இலை மட்டும் போடப்படுவதைப் போன்ற நிலை அது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் அப்பா ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சிறிய மெஸ் நடத்தினார். கோடையில் சமவெளியிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் கால்பந்து அணி மேலே பயிற்சிக்கு வரும், எச்.ஏ.டி.பி. மைதானத்தில் ஓடிவிட்டு எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். முட்டை, ஆட்டுக்கறி, பால், வாழைப்பழம் என்று தினமும் எழுதி, பக்கத்தின் அடியில் கூட்டிப் போடுவது பள்ளி மாணவியான என் வேலை. மேலாளர் கையெழுத்திடுவார்; ஊர் திரும்பியதும் பணம் வரும். சில ஆண்டுகள் அப்படியே வந்தது. பிறகு ஒரு கோடையில் வரவில்லை. கடிதம் போட்டால், அணி கலைக்கப்பட்டுவிட்டது, விளையாட்டுப் பிரிவே இப்போது இல்லை, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அப்பா பஸ் ஏறிக் கீழே போய் அந்த அலுவலகத்தின் வரவேற்பறையில் மாலை வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்.

அந்த அணியின் வீரர்களுக்கு அதே நிறுவனத்தில் வேறு பிரிவுகளில் வேலை கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை; நல்ல பிள்ளைகள், என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். ஆனால் கறிக்கடை பாய்க்கும் பால்காரருக்கும் அப்பா ஒரு பைசா குறைக்காமல் கொடுத்தார். அவர் வாங்கிய பொருளுக்கு அவர்தான் பொறுப்பு என்று சொன்னார். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவை திரும்பி வரவில்லை. ஒரு நிறுவனம் தன் கணக்கில் ஒரு வரியை அடித்தபோது, எங்கள் வீட்டில் அந்தத் தொகை முழுவதுமாக, வட்டியுடன் கட்டப்பட்டது. எந்தச் செய்தித்தாளும் அதை ஒரு கால்பந்து அணியின் வீழ்ச்சியோடு சேர்த்து எழுதவில்லை.

இப்போது நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. அதிலும் சொத்தை விற்றுப் பங்கிடும்போது, தொழிலாளர்களின் நிலுவைக்கும் பிணையுள்ள கடனுக்கும் பின்னால், பிணையில்லாமல் பணம் கடன் கொடுத்தவர்களுக்கும் பின்னால், அரசு பாக்கிக்கும் பின்னால்தான் சரக்குக் கொடுத்தவர் நிற்கிறார். ஒரு நிறுவனம் தன் அணியை மட்டும் கலைத்துவிட்டுத் தான் நன்றாக நடந்துகொண்டிருந்தால், அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டச் செலவழிக்க எந்த மெஸ்காரரால் முடியும்?

வெட்னஸ்டே எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். 2015-இல் தாய்லாந்தின் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வாங்கினார். பிரிமியர் லீக்குக்கு ஏறிவிடலாம் என்ற நம்பிக்கையில் செலவு செய்தார். 2016-இல் அந்த ஏற்றத்துக்கான இறுதி ஆட்டத்தில் ஹல் சிட்டியிடம் தோற்றார்கள். வரவேண்டிய பணம் வரவில்லை, ஒப்புக்கொண்ட சம்பளம் குறையவில்லை. பிறகு கிளப்பின் சொந்த மைதானமான ஹில்ஸ்பரோவை ஏறத்தாழ 60 மில்லியன் பவுண்டுக்குத் தன் கிளப்பிடமிருந்து தானே வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தார். அந்த விற்பனையைத் தவறான ஆண்டின் கணக்கில் சேர்த்ததற்காக லீக் 12 புள்ளிகளைப் பறித்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. கிளப் வேறு, மைதானம் வேறு என்று ஆன நாளிலேயே இதன் முடிவு தெரிந்துவிட்டது.

உங்கள் தம்பி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. திவால் நிர்வாகிகள் தங்கள் திட்ட அறிக்கையோடு கடன்காரர் பட்டியலையும் பதிவு செய்தாக வேண்டும். அது பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய ஆவணம். லீக்கின் இப்போதைய விதிப்படி, பிணையில்லாக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்குக் குறைந்தது 25 பென்ஸ், அல்லது மூன்றாண்டுகளில் 35 பென்ஸ் தராத கிளப்புக்கு அடுத்த பருவத்தில் 15 புள்ளிகள் குறையும். புதிதாக வாங்க வருபவர்கள் அந்தக் குறைந்த அளவோடு நின்றுவிடத்தான் பார்ப்பார்கள். பட்டியலில் சில நூறு, சில ஆயிரம் பவுண்டு பாக்கியுள்ள உள்ளூர்க் கடைகளையும் அறக்கட்டளைகளையும் தனியே எண்ணி, அவர்களுக்கு முழுத்தொகையும் கொடு என்று ரசிகர் சங்கம் கேட்க வேண்டும். பல மில்லியன் கொடுத்து ஒரு கிளப்பை வாங்குபவருக்கு அது பெரிய தொகையாக இராது. உரிமையாளரையே வெளியேற்றியவர்களால் இதைக் கேட்க முடியாதா? தம்பியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். விற்பனை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அன்புடன்.